பதினோரு மணி நேரம்

அத்தியாயம் 9

நான்காவது உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் ஹாரியட் க்ரோனினுக்குக் கட்டை விரல் வலித்தது. இந்தக் கட்டடத்தில் பார்த்ததை வெளியே சொல்ல மாட்டேன் என்றது முதல் படிவம். கேட்டதைச் சொல்ல மாட்டேன் என்றது இரண்டாவது. முதல் இரண்டிலும் கையெழுத்துப் போட்டதையே சொல்ல மாட்டேன் என்றது மூன்றாவது. நான்காவதை அவள் படிக்கவே இல்லை. முப்பது வருடம் துப்பறிந்து, ஐம்பத்தொன்பது வயதையும் எட்டிய பிறகு, படிக்காமல் விடுவதில் ஒரு தனி சுகம் இருந்தது.

"நாலாவதுல என்ன பாஸ் போட்டிருக்கு?" என்று காதருகே கேட்டான் உதவியாளன் பென்னி பக்காயா.

"தெரியல."

"உங்க கிட்னி அவங்களுக்குன்னு எழுதியிருந்தா?"

"ஒண்ணு முழுக்கக் கல்லு. எடுத்துக்கட்டும்."

பென்னி இருபது வருடம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைந்த இந்தப் பள்ளத்தாக்கில் கம்பெனி பஸ்களை ஓட்டியவன். ஊழியர்கள் பின் சீட்டில் பேசிய ரகசியங்களையெல்லாம் சம்பளத்தோடு சேர்த்து வாங்கிக்கொண்டவன். பஸ் ஓட்டி முதுகு போனதும் ஹாரியட்டிடம் வந்து சேர்ந்தான். முதுகு போனாலும் வாய் போகவில்லை.

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் ஆல்டன் வீம்ஸ். கார்மரன்ட் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் ரகசியக் காப்புத் துறைத் துணைத் தலைவர். கையில்லாத சாம்பல் நிற ஸ்வெட்டர். எதையும் தாழ்ந்த குரலில் சொல்லும் பழக்கம். மதியம் என்ன சாப்பிட்டார் என்பதைக்கூட ராணுவ ரகசியம் போலத்தான் சொல்வார்.

"ஆல்டன்னே கூப்பிடுங்க" என்றார். இந்த ஊரில் பெரிய மனிதர்கள் எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடச் சொல்வார்கள். அப்படிக் கூப்பிட்டவர்களை மறக்கவும் மாட்டார்கள்.

"சொல்லுங்க மிஸ்டர் வீம்ஸ்" என்றாள் ஹாரியட்.

விஷயம் இதுதான். கார்மரன்ட் பதினாறு வருடமாக லேப்டாப் விற்கிறது. உள்ளே இருக்கும் ப்ராசஸர் மட்டும் வெளியாரிடம் வாங்கிய சரக்கு. இனி அதுவும் சொந்தச் சரக்கு. மூன்று வருடம் பொத்திப் பொத்திச் செய்த சிப்பை அடுத்த மாதம் மேடை போட்டு உலகத்துக்குக் காட்டுவதாக இருந்தார்கள். திங்கட்கிழமை காலை 'லூஸ் ஸ்க்ரூ' என்ற இணைய வம்புத் தளம் முந்திக்கொண்டது.

வீம்ஸ் அச்செடுத்த காகிதத்தை இரண்டு விரலால் நகர்த்தினார். ஹாரியட் படித்தாள்.

'கார்மரன்ட்காரர்கள் பழைய ஓட்டுக்குள் புது உயிரை ஒளித்து வைத்திருக்கிறார்கள். சத்தியமாக இது அவர்களின் சொந்த சிப். பதினோரு மணி நேரம் சார்ஜரே போடாமல் ஓடியதை நேரில் கண்டோம்.'

"இதுவரைக்கும் எங்களுக்கு சிப் குடுத்துட்டிருந்தவங்க செவ்வாக்கிழமையே போன் பண்ணிட்டாங்க" என்றார் வீம்ஸ். "இனிமே எங்க ஆர்டர் வரிசையில கடைசியாம்."

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகமெல்லாம் தாண்டியாச்சு. ஆளே தெரியும். மிலேனா வுகோவிச். பாட்டரிச் சோதனைப் பிரிவு." ஒரு புகைப்படத்தை வைத்தார். "போன புதன்கிழமை எடுத்தது."

படத்தில் ஒரு காபிக் கடை. சுவரோர மேஜையில், லேப்டாப் முன்னால் ஒரு பெண். அடுத்த மேஜையில் மலையேறும் பூட்ஸ் போட்ட ஒல்லியான ஒரு ஆள். லூஸ் ஸ்க்ரூவை நடத்துகிறவன் அவன்தானாம். படத்தின் கீழ் ஓரத்தில் ஒரு டீ கிளாசின் விளிம்பும், வேறொரு லேப்டாப் மூடியின் மூலையும் மங்கலாகத் தெரிந்தன.

"யார் எடுத்த படம்?"

"இந்தக் கம்பெனியிலேயே நான் ரொம்ப நம்புற ஆள்" என்றார் வீம்ஸ். "சாயங்காலம் அஞ்சு மணிக்கு அந்தம்மாவை அனுப்பிடறோம். அதுக்குள்ள வெளியாள் ஒருத்தர் பார்த்து, 'ஆமா, இவங்கதான்'னு ஒரு காகிதம் குடுத்துட்டா சட்டத் துறைக்கு வசதியா இருக்கும். ஒரு பக்கம் போதும்."

ஹாரியட் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றரை. முடிவை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு துப்பறியக் கூப்பிடுகிறவர்கள் இந்த வருடத்தில் இவரோடு ஏழு பேர்.

*

மிலேனாவை 'நேர்மை' என்று பெயர் பலகை மாட்டிய கூட்ட அறையில் உட்கார வைத்திருந்தார்கள். வாசலில் ஒரு காவலாளி.

நாற்பத்து நான்கு வயது. செர்பியாவின் நோவி சாட் நகரத்திலிருந்து வேலை விசாவில் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. மூன்று நாள் விசாரணையில் தூங்காத கண்கள். ஆனால் குரலில் அழுகை இல்லை.

"இந்த பூட்ஸ்காரரைத் தெரியுமா?" என்றாள் ஹாரியட்.

"பக்கத்து மேஜைக்காரர். ஒரு தடவை சர்க்கரை டப்பாவை இந்தப் பக்கம் நகர்த்தச் சொன்னேன். எங்களுக்குள்ள நடந்த மொத்தப் பேச்சு அவ்வளவுதான்."

பென்னி படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். "உங்க லேப்டாப்லேருந்து செவுத்துக்கு வயர் போகுதே மேடம். சார்ஜரே வேண்டாத மெஷினுக்கு எதுக்கு வயர்?"

மூன்று நாளில் முதல் தடவையாக உருப்படியான ஒரு கேள்வி காதில் விழுந்தது போல மிலேனா அவனைப் பார்த்தாள்.

"புது சிப்பைப் பழைய மாடல் ஓட்டுக்குள்ளதானே வெச்சிருக்கோம்? பழைய மாடல் நாலு மணி நேரத்துல மயங்கி விழும். அது ஊருக்கே தெரியும். நாலு பேர் பார்க்கற இடத்துல அதைச் சொருகாம வெச்சுக்கிட்டு உட்கார்ந்தா, பார்க்கறவனுக்கு உறைக்காதா? அதனால நான் போற எடத்துலல்லாம் சொருகிடுவேன்."

"அப்படி ஒரு விதி இருக்கா?"

"மிஸ்டர் வீம்ஸ் எழுதின விதி முப்பத்திரண்டு பக்கம் இருக்கு. புது சிப்புக்கு ஃபேன் கிடையாது, சத்தமே வராது. சந்தேகம் வரக் கூடாதுன்னு ஸ்பீக்கர்ல பொய்யா ஃபேன் சத்தம் ஓட விடணுமாம். அதுக்கு மட்டும் ஏழு பக்கம். சார்ஜரைப் பத்தி ஒரு வரி கிடையாது."

அந்த விதிப் புத்தகம் மேஜை மேலேயே கிடந்தது. அட்டையில் தங்க எழுத்து: 'மௌனமே நம் முதல் தயாரிப்பு.'

"ரெண்டாவது தயாரிப்பு என்னவாம்? இருமலா?" என்றான் பென்னி.

ஹாரியட் அச்செடுத்த செய்தியை எடுத்தாள். "இதுல பதினோரு மணி நேரம்னு போட்டிருக்கே. நீங்க அளந்தது?"

"பத்தொன்பது மணி பத்து நிமிஷம்." மிலேனாவின் குரல் இப்போதுதான் உயர்ந்தது. "அதைத்தான் மூணு நாளா தொண்டை வத்தக் கத்தறேன். நான் சொல்லியிருந்தா பத்தொன்பதுன்னுல்ல வந்திருக்கணும்? மிஸ்டர் வீம்ஸ் என்ன சொல்றாருன்னா, மாட்டிக்கக் கூடாதுன்னு நானே வேணும்னு குறைச்சுச் சொன்னேனாம்."

"வேலை போனா?"

"அறுபது நாள்ல நாட்டை விட்டுப் போகணும். மகளுக்குப் பள்ளிப் படிப்பு ஜூன்ல முடியுது." சுவரில் இருந்த நாள்காட்டியில் பிப்ரவரி. அவள் அதைப் பார்க்கவில்லை. ஏற்கெனவே பலமுறை பார்த்திருப்பாள்.

*

"வம்பு எழுதறவன் கூட்டித்தான் எழுதுவான் பாஸ்" என்றான் பென்னி, காரை எல் கமினோ சாலைக்குத் திருப்பியபடி. "பத்தொன்பதுன்னு எவனாவது அவன் காதுல ஓதியிருந்தா இருபத்தஞ்சுன்னு போட்டிருப்பான். எட்டைக் கழிச்சுக்கிட்டு எழுதற வம்புக்காரனை நான் பார்த்ததே இல்ல."

"அப்ப அவன் காதுல யாரும் ஓதல. அவனே உட்கார்ந்து எண்ணியிருக்கான்."

"எதை?"

"'நேரில் கண்டோம்'னு எழுதியிருக்கான்ல? அவன் அப்படி எதைக் கண்டான்னு பார்க்கத்தான் போறோம்."

"இல்லேன்னா ஒரு பக்கக் காகிதத்தை எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிடலாம்."

"அதையும் யோசிச்சேன்" என்றாள் ஹாரியட். பொய் சொல்லவில்லை. சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோதெல்லாம் யோசித்தாள்.

படத்தில் இருந்த காபிக் கடை பல் மருத்துவமனைக்கும் நாய்க் குளியல் கடைக்கும் நடுவே இருந்தது. காரிலிருந்து இறங்கியதும் ஹாரியட்டின் இடது முழங்கால் நடக்க மறுத்தது. அது சமாதானம் ஆகும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்ற இடத்தில் கண்ணுக்கு நேராகக் கடையின் நேரப் பலகை. காலை ஏழு முதல் மாலை ஆறு வரை.

"பென்னி. ஏழிலேருந்து ஆறு வரைக்கும் எத்தனை?"

பென்னி விரல் விட்டு எண்ணினான். விரல்கள் தீர்ந்து போய் அவளைப் பார்த்தான். "பத்து விரலும் போதல பாஸ்."

"பதினொண்ணு."

கடைக்காரி ரமினா யோனன், உர்மியா நகரத்திலிருந்து வந்து சான் ஹோசேயில் வேர் விட்ட அசீரியப் பெண்மணி. கல்லாவுக்குப் பின்னால் இருந்துகொண்டே கடை முழுவதையும் கண்ணால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஹாரியட் படத்தைக் காட்டினாள்.

"செர்பியாக்காரி! இவளுக்கு என்ன?" என்றாள் ரமினா. "வர்ற அன்னைக்கெல்லாம் சுவர் மேஜைதான் வேணும்னு நிப்பா. பிளக் பாயிண்ட் இருக்கற மேஜை நாலுதான் கண்ணு, காலையில அதுக்கு அடிதடியே நடக்கும். படிச்சவனுங்கதான், பேரைக் கேட்டா நடுங்கற கம்பெனிதான். ஒரு பிளக்குக்காக ஒருத்தன் இன்னொருத்தனை 'துரோகி'ன்னு திட்டினான், போன வருஷம்."

"போன புதன்கிழமை, பிளக்குக்குச் சண்டை போடாத ஆள் யாராவது வந்தாங்களா? கார்மரன்ட் லேப்டாப்போட?"

ரமினா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். கேட்பதற்கு ஆள் கிடைக்காமல் ஒரு வாரம் வயிற்றில் வைத்திருந்த கதை அது என்று முகத்திலேயே தெரிந்தது.

"அந்தக் கொடுமையை ஏன் கேக்கறே! ஏழு மணிக்குக் கதவைத் திறக்கறேன், உள்ள வர்றாரு. நடு மேஜை. அங்கே பிளக் கிடையாது, யாருமே உட்கார மாட்டாங்க. ஒரு எலுமிச்சை டீ. ஒண்ணே ஒண்ணு! சாயங்காலம் ஆறு மணிக்கு நான் நாற்காலியெல்லாம் கவுத்தி மேஜை மேல வெக்கறப்போதான் எழுந்தாரு. நான் முறைச்ச முறைப்புல பால் திரிஞ்சிருக்கும். அந்தாளு நிமிர்ந்தே பார்க்கல."

"ஒரு தடவைகூட சார்ஜர் போடலையா?"

"சார்ஜரே கொண்டு வரல! இதே கேள்வியை அந்த பூட்ஸ்காரனும் கேட்டான். 'ரமினா, அவர் எப்போ வந்தாரு? எழுந்து எங்கேயாவது போய்ச் சொருகினாரா?'ன்னு. நான் சொன்னேன், ஏழு மணிக்கு வந்த பொணம் இது, இன்னும் எடுக்கலைன்னு."

"ஆள் எப்படி இருப்பாரு?"

"கையில்லாத ஸ்வெட்டர், சாம்பல் கலர்."

"இந்த ஊர்ல அதெல்லாம் ஒரு அடையாளமா?" என்றான் பென்னி. "தேசியக் கொடி மாதிரி. என் பல் டாக்டரே அதைத்தான் போட்டிருக்காரு."

"என்ன பண்ணிட்டிருந்தாரு?" என்றாள் ஹாரியட்.

"ஏதோ மேடைப் பேச்சு எழுதிட்டே இருந்தாரு. எழுதினதை வாய் விட்டுப் படிப்பாரு, குசுகுசுன்னு. ஏன் சார், ஆபீஸ் இல்லையான்னு கேட்டேன். என் ரூம்ல எவனாவது ஒட்டுக் கேக்கற கருவி வெச்சிருக்கானான்னு தேடிட்டிருக்காங்க, அதான் பத்திரமா இங்கே வந்துட்டேன்னாரு. ஒரே ஒரு வரியை மட்டும் இருபது தடவை படிச்சிருப்பாரு. எனக்கே மனப்பாடம்." ரமினா குரலைத் தாழ்த்தி, கையை நெஞ்சில் வைத்து ஒப்பித்தாள். "'மௌனமே நம் முதல் தயாரிப்பு.'"

பென்னி மெதுவாக ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

ஹாரியட் நடு மேஜைக்குப் போய் உட்கார்ந்தாள். புகைப்படத்தைக் கண்ணெதிரே உயர்த்தினாள். சுவரோர மேஜை, சர்க்கரை டப்பா, பூட்ஸ்காரனின் நாற்காலி எல்லாம் இம்மி பிசகாமல் படத்தோடு பொருந்தி உட்கார்ந்தன. கீழ் ஓரத்தில் தெரிந்த டீ கிளாசின் விளிம்பு இந்த மேஜையுடையது. லேப்டாப் மூடியின் மூலையும் இந்த மேஜையுடையது. பதினோரு மணி நேரம் உட்கார்ந்த இடத்திலிருந்தே, தன் ஊழியர் வம்புக்காரனுக்குப் பக்கத்தில் இருப்பதைப் படம் பிடித்திருக்கிறார் மனிதர். அதே நேரம் அந்த வம்புக்காரன் பார்த்துக்கொண்டிருந்தது இவரைத்தான்.

"கம்பெனியிலேயே ரொம்ப நம்புற ஆள்" என்றாள் ஹாரியட்.

"தன்னைத் தவிர வேற யாரை பாஸ் அவர் நம்பப் போறாரு?"

*

மணி நாலு. நடு மேஜைக் கதையைக் கேட்டு முடித்த வீம்ஸ் படத்தைப் பார்த்தார். பிறகு ஹாரியட்டைப் பார்த்தார். அப்புறம் மறுபடி படத்தை. சாம்பல் நிறம் ஸ்வெட்டரிலிருந்து முகத்துக்கு ஏறியது.

"நான் பொய் ஃபேன் சத்தம் ஓட விட்டிருந்தேன்" என்றார் கடைசியில், மிகத் தாழ்ந்த குரலில். "விதிப்படி."

"விதி நீங்க எழுதினது. சார்ஜரை மறந்துட்டீங்க."

ஒரு நிமிடம் அவர் பாவமாகத்தான் இருந்தார். அந்த ஒரு நிமிடம் முடிந்ததும் மேஜை இழுப்பறையைத் திறந்து நான்காவது படிவத்தை எடுத்தார். "ஹாரியட், இதுல கையெழுத்துப் போட்டிருக்கீங்க. விசாரணையில தெரிய வர்ற எதுவும் ஒரே பிரதி, என் கையில. வேற யார்கிட்டேயும் வாயைத் திறக்கக் கூடாது. நன்றி. உங்க வேலை முடிஞ்சுது."

"மிலேனா?"

"அஞ்சு மணிக்கு ஏற்கெனவே ஏற்பாடாயிடுச்சு. நிறுத்தினா, ஏன் நிறுத்தினேன்னு கேப்பாங்க."

பென்னி வாயைத் திறந்தான். ஹாரியட் அவன் கையைத் தொட்டாள். கத்தலாம். கோர்ட்டுக்குப் போகலாம். இரண்டு வருடத்தில் தீர்ப்பும் வரும். அதற்குள் மிலேனாவின் அறுபது நாள் பன்னிரண்டு தடவை முடிந்திருக்கும். உண்மை கையில் இருந்தது, அதை வைத்து ஒன்றும் செய்வதற்கில்லை. இந்தத் தொழிலில் அவளை அலுக்க வைத்தது எப்போதும் இதுதான்.

நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"ஆல்டன்" என்றாள். முதல் தடவையாகப் பெயரைச் சொன்னதில் அவர் நிமிர்ந்தார். "பதினோரு மணி நேரம் ஒருத்தர் தற்செயலா உட்காருவாங்களா? உங்களை மாதிரி அனுபவம் உள்ளவர்? எனக்கு நம்பிக்கை இல்ல."

"புரியல."

"லேபுல ஆயிரம் அளக்கலாம். நிஜமான கடையில, நிஜமான ஜனங்களுக்கு நடுவுல, அந்த மெஷின் எப்படித் தாங்குதுன்னு யாராவது பார்க்கணும்ல? யாருக்கும் சொல்லாம, தன்னந்தனியா, ஒரே டீயோட. இதுக்குப் பேர் களச் சோதனை. இல்லையா?"

வீம்ஸின் முதுகு கொஞ்சம் கொஞ்சமாக நேராவதை ஹாரியட் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"களச் சோதனை" என்றார் அவர், வார்த்தையை நாக்கில் வைத்துப் பார்ப்பது போல.

"பார்க்கறவன் பார்த்துட்டுப் போறான். கம்பெனியோட மூத்த அதிகாரியே வெளிப்படையா உட்கார்ந்து நடத்தின சோதனை அது. அதுல கசிவு எங்கே இருக்கு? கசிவே இல்லேன்னா, கசிய விட்டவங்க எப்படி இருப்பாங்க?"

"இருக்க முடியாது!" என்றார் வீம்ஸ். "அதைத்தானே நானும்... ஆரம்பத்துலேருந்தே என் எண்ணம் அதுதான்." போனை எடுத்தார். ஐந்து மணிக் கூட்டம் ரத்து என்றார். திருமதி வுகோவிச்சுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று சொல்லச் சொன்னார். பிறகு இன்னும் சில நம்பர்களை அழைத்தார். ஒவ்வொரு அழைப்பிலும் களச் சோதனையின் திட்டமிடல் இரண்டு மாதம் முன்னதாகப் போய்க்கொண்டிருந்தது. நான்காவது அழைப்பில் அது போன கோடைக் காலத்திலேயே தொடங்கிவிட்டிருந்தது.

தாழ்வாரத்தில் பென்னி லிஃப்ட் பொத்தானை மூன்று தடவை அமுக்கினான்.

"அந்தாளுக்குப் பதவி உயர்வு குடுப்பாங்க பாஸ்."

"குடுப்பாங்க."

"நாமதான் செஞ்சோம்."

"ஆமா."

"வீட்டுக்குப் போய்க் குளிக்கணும் போல இருக்கு."

*

மிலேனா வாசலில் நின்றிருந்தாள். வெயில் சாய்ந்து கார்களின் கண்ணாடியில் மினுங்கியது. கையில் தன் அடையாள அட்டையைப் புதிதாகக் கொடுத்தது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருன்னு சொல்ல மாட்டீங்க, இல்ல?"

"கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றாள் ஹாரியட்.

"வேண்டாம். பதினொண்ணுன்னு படிச்சப்பவே தெரியும், எங்க லேப் ஆள் இல்லேன்னு. எங்க பசங்க கழுத்துல கத்தி வெச்சாலும் பத்தொன்பதுன்னுதான் சொல்லுவாங்க."

அவள் போன் அதிர்ந்தது. படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு சத்தமாக வாசித்தாள்.

"'ஊழியர் அனைவருக்கும். துணைத் தலைவர் ஆல்டன் வீம்ஸ் தலைமையில் நிஜ உலகச் சூழலில் நடந்த களச் சோதனையின் அடிப்படையில், புதிய லேப்டாப்பின் அதிகாரபூர்வ பாட்டரி நேரம் பதினோரு மணி நேரம் என்று அறிவிக்கப்படும். இதற்கு மாறான எந்த எண்ணையும் ஊழியர்கள் வெளியே பேசக் கூடாது.'"

"அடப்பாவி" என்றான் பென்னி. "மூணு வருஷ வேலையில எட்டு மணி நேரத்தை ஒரே டீயில முழுங்கிட்டானே!"

ஹாரியட் மன்னிப்புக் கேட்க நினைத்தாள். எதிலிருந்து தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. அதற்குள் மிலேனாவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து அருகே போனாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்ல விடுங்க. எவனோ ஒருத்தன் வாங்கிட்டுப் போவான். பதினொண்ணாவது மணியில அணைஞ்சிடும்னு பார்த்துக்கிட்டே இருப்பான்." கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். "அணையாது. பன்னெண்டு ஆகும், பதிமூணு ஆகும், அணையாது. மெஷின்கிட்ட எந்தப் படிவத்துலயும் கையெழுத்து வாங்க முடியாதுல்ல?"

பதிலுக்குக் காத்திராமல், மீதியிருந்த ஒரு மணி நேர வேலையைப் பார்க்க உள்ளே போனாள்.